காடியின் பயனாளிகள்

ரெபேக்கா வேலை பார்த்த கம்பெனி வாஷியில் இருந்தது. சதுப்பு நிலங்கள், ஏரிகள், கழிமுகங்கள் இவையெல்லாம் மனிதர்களுக்கு என்னென்ன செய்து தருகின்றன என்று ஆராய்ந்து, அதற்கு ரூபாயில் ஒரு மதிப்புப் போட்டுக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். மீன் கொடுத்தால் அது ஒரு சேவை. வெள்ளத்தைத் தாங்கினால் அது ஒரு சேவை. பார்ப்பதற்கு நன்றாக இருந்தால் அதுவும் சேவைதான், ஆனால் அதற்கு மதிப்புப் போடுவது கஷ்டம். மதிப்புத் தெரிந்தால்தான் ஒரு இடத்தை மூடிக் கட்டடம் கட்டுவதற்கு முன்னால் யாராவது ஒரு நிமிடம் யோசிப்பார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ரெபேக்காவும் அதை நம்பித்தான் சேர்ந்தாள்.

மித்தி ஆறு கடலில் சேர்வதற்கு முன்னால், தாராவிக்கு வடக்கே, அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு நீளமான சேற்று நிலம் இருக்கிறது. அங்கே எல்லோரும் அதைக் காடி என்பார்கள். அந்தக் காடியின் சேவைகளை மதிப்பிடும் வேலை கம்பெனிக்கு வந்தபோது, அக்கம்பக்கத்து வீடுகளில் கேள்வி கேட்கும் பொறுப்பு ரெபேக்காவுக்குப் போனது. அவள் தாராவியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள் என்பது காரணம். பேசுவாள், உண்மை. வாசிப்பதுதான் கொஞ்சம் மெதுவாக நடக்கும். கேள்வித்தாளைச் சென்னையில் யாரோ தமிழாக்கி அனுப்பியிருந்தார்கள். முதல் கேள்வி, "தங்கள் குடும்பம் எத்தனை ஆண்டுகளாக இவ்வீரநிலத்தால் பயனடைந்து வருகிறது?" என்று இருந்தது. "இவ்வீரநிலம்" என்ற வார்த்தையை அவள் வீட்டிலேயே பல முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

முதல் வீடு இன்னாசிமுத்துவுடையது. ரெபேக்காவின் அப்பாவுக்கு அவர் பழக்கம், அதனால் அவள் அவரைப் பெரியப்பா என்றும் அவர் மனைவி ஏஞ்சலம்மாளைப் பெரியம்மா என்றும்தான் கூப்பிடுவாள். இன்னாசிமுத்து பரண்மேல் உட்கார்ந்து பர்ஸ் தைப்பவர். ஆள் வந்திருப்பதைக் கேட்டு இரும்பு ஏணி வழியாக இறங்கி வந்தார். ஏஞ்சலம்மாள் கீழே பர்ஸுகளின் ஓரத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். ரெபேக்கா கம்பெனி கொடுத்திருந்த டேப்லெட் கணினியைத் திறந்து முதல் கேள்வியை வாசித்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாராவியில் கையில் டேப்போடு ஒருவர் வந்து "எத்தனை வருஷமாக" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. இருக்கிற கோலியை, அதாவது ஒற்றை அறை வீட்டை, இடித்துவிட்டு ஃபிளாட் கொடுக்கும் திட்டத்தில் ஒருவருடைய பெயர் வருமா வராதா என்பது, இரண்டாயிரமாவது ஆண்டுக்கு முன்பே அவர் அங்கே இருந்ததைக் காகிதத்தில் காட்ட முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது. குழந்தைகளுக்கும் அது தெரியும்.

"தொண்ணூத்தி நாலுல இருந்து," என்றார் இன்னாசிமுத்து. யோசிக்கவேயில்லை.

"நான் வீட்டப் பத்திக் கேக்கல பெரியப்பா. காடியப் பத்திக் கேக்கேன்."

"காடியும் தொண்ணூத்தி நாலுல இருந்துதான். ரேஷன் கார்டு எடுக்கட்டா?"

"கார்டெல்லாம் வேண்டாம்."

"பாத்து வச்சுக்கோ. பொறவு இல்லன்னு சொல்லக் கூடாதுல்லா."

ரெபேக்கா கார்டைப் பார்த்தாள். பார்க்காமல் அடுத்த கேள்விக்கு நகர முடியாது என்று தெரிந்தது. அடுத்த கேள்வி மீன் பற்றியது.

"காடியில நீங்க மீன் பிடிப்பீங்களா?"

"பிடிச்சா நல்லதா, பிடிக்காட்டி நல்லதா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. உள்ளதச் சொன்னாப் போதும்."

"அப்பப் பிடிக்கேன்னு போடு."

ஏஞ்சலம்மாள் பசைப் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "ஏளா ரெபேக்கா, இவியளுக்குக் காடி எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது. கடையில வாங்கியாற மீனக்கூட நான்தான் கழுவணும். நானும் முப்பது வருசமா இங்க கெடக்கேன், அந்தத் தண்ணிய ஒரு நாளும் பாத்ததில்ல. ராத்திரி கடிக்க மச்சர் மட்டும் அங்கேருந்து வருதுன்னு சொல்லுதாவ. அத வேணும்னா எழுதிக்க."

"நீ சும்மா இரி," என்றார் இன்னாசிமுத்து. "வாரத்துக்கு எவ்வளவு பிடிப்பேன்னு கேளு பிள்ள."

"எவ்வளவு பிடிப்பீங்க?"

"மத்தவிய எவ்வளவு சொன்னாவ?"

"உங்க வீடுதான் மொத வீடு."

"அப்பப் பத்துக் கிலோன்னு போடு. பொறவு சொல்லுதவன் கொறச்சுச் சொல்லட்டும்."

டேப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு பதில்தான் பதிய முடியும். குடும்பத் தலைவர் சொல்வதைப் பதிய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ரெபேக்கா பத்துக் கிலோ என்று பதிந்தாள். ஏஞ்சலம்மாள் சொன்னதை எங்கே எழுதுவது என்று தேடிப் பார்த்தாள், அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு சொன்னவர்கள் யாரும் குறைத்துச் சொல்லவில்லை. அவள் மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் கேள்விகள் சந்து முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தன. பெல்ட் பட்டறை வைத்திருக்கும் இனாயத்துல்லா அவளுக்கு நாற்காலி போட்டு, ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "பெல்ட் சைடு பிசினஸ்தான்மா," என்றார். "மெயின் நமக்கு மீன்தான். வாப்பா காலத்துலேருந்து."

"பாய், உங்க வாப்பா காயல்பட்டணத்துல கடை வச்சிருந்தாங்கன்னு எங்கப்பா சொல்லியிருக்காங்க."

"அங்கயும் கடல் இருக்குல்ல," என்றார் அவர்.

ரெபேக்கா தங்கள் ஆய்வுக்கும் ஃபிளாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு ஸர்வேக்காரரும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கம்பெனியில் இந்த ஆய்வுக்குத் தலைமை பானுமதி. பொருளாதாரம் படித்து அதையே பாடமும் நடத்திவிட்டு வந்தவர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். கோபப்பட்டால் குரலைக் குறைத்துக்கொள்வார். ரெபேக்கா கொண்டுவந்த பதில்களை அவர் கணினியில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"ரெபேக்கா, தாராவியில எல்லாரும் மீனா பிடிக்கறா?"

"இல்ல மேடம்."

"இதுல அப்படித்தான் இருக்கு. இவ்வளவு மீன் அந்தக் காடியில இருந்தா தண்ணிக்கு இடமே இருக்காதே."

"எல்லாம் பொய் மேடம். அவங்க ஃபிளாட்டுக்குன்னு நினைச்சுச் சொல்றாங்க."

"பொய்னு ரிப்போர்ட்ல எழுத முடியாது." பானுமதி பேனாவை எடுத்தார். "பதிலளிப்போரின் எதிர்பார்ப்புசார் மிகைப்பாடுன்னு எழுதலாம். ஆனா அப்படி எழுதினா, மறுபடியும் போய்ச் சரிபாருங்கோன்னு சொல்லுவா."

அவர் அப்படி எழுதி அனுப்பினார். பணம் கொடுத்த அமைப்பு வெளிநாட்டில் இருந்தது. அங்கிருந்து, மறுபடியும் போய்ச் சரிபாருங்கள் என்று பதில் வந்தது. மீன் பிடிப்பதாகச் சொன்னவர்களில் சிலரையாவது காடிக்கு அழைத்துப் போய், அவர்கள் பிடிப்பதை நேரில் பார்த்துக் குறித்துவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

ரெபேக்கா இதைச் சொல்லப் போனபோது இன்னாசிமுத்து நூலைக் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

"நேர்லயா?" என்றார்.

"ஆமா பெரியப்பா. ஞாயித்துக்கெழம. எங்க மேடமும் வாராங்க. வர இஷ்டம் இல்லன்னா சொல்லிருங்க, பேர எடுத்திருதேன்."

'பேர எடுத்திருதேன்' என்று அவள் சொல்லியிருக்கக் கூடாது. இன்னாசிமுத்துவின் முகம் மாறியது. ஒருமுறை எடுத்த பெயர் திரும்ப வராது என்பதற்கு அந்தச் சந்திலேயே உதாரணங்கள் இருந்தன.

"வாரோம்," என்றார். "பூசை முடிஞ்சு வாரோம்."

ஞாயிற்றுக்கிழமை, தாராவியின் ஓரமாகப் போகும் லிங்க் ரோட்டைத் தாண்டி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வற்றியிருந்தது. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இன்னாசிமுத்து வந்திருந்தார். இனாயத்துல்லா தோல் வெட்டும் பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுத்தியலும் கொண்டுவந்திருந்தார். சந்திலிருந்து இன்னும் சிலர். ஏஞ்சலம்மாளும் வந்தாள். புருஷன் மீன் பிடிப்பதைப் பார்க்க வந்ததாக, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பானுமதி முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, தொப்பி வைத்து, கழுத்தில் பைனாகுலரோடு நின்றார். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். எல்லோரும் அவரை ஃபிளாட் ஆபீஸர் என்று நினைத்து இன்னும் பெரிய வணக்கமாகத் திருப்பிச் சொன்னார்கள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றார் பானுமதி. "நீங்க வழக்கமா எப்படிப் பண்ணுவேளோ அப்படியே பண்ணுங்கோ. நாங்க இருக்கோம்னே நினைச்சுக்காதீங்கோ."

இன்னாசிமுத்து கக்கத்தில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு கொசுவலை இருந்தது. நான்கு மூலையிலும் கட்டிலில் கட்டும் நாடாக்கள் தொங்கின.

"இது கொசுவலை இல்லையா?" என்றார் பானுமதி.

"சின்ன மீனுக்கு இதுதான்," என்றார் இன்னாசிமுத்து.

"அது நம்ம வீட்டு வலை," என்றாள் ஏஞ்சலம்மாள். "ராத்திரி நான் எதுக்குள்ள படுக்க?"

பானுமதி எதையோ குறித்துக்கொண்டார்.

சேறு எல்லோருக்கும் புதிது. இன்னாசிமுத்து முதல் அடியிலேயே முழங்கால்வரை இறங்கினார். இரண்டாவது அடியில் செருப்பு போயிற்று. இனாயத்துல்லா, அதற்கொரு முறை உண்டு என்பதுபோல, அலையாத்தியின் வேர்களைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஓரிடத்தில் அசையாமல் நின்றார். அசைய முடியாததால்தான் நிற்கிறார் என்பது மற்றவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டு பேர் கையைக் கோத்து அவரை இழுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, பானுமதி பார்த்துக்கொண்டிருந்தார்.

கொசுவலையை இரண்டு பக்கமும் பிடித்து ஓடைத் தண்ணீரில் இழுத்தபோது, முதலில் பால் கவர்கள் வந்தன. அப்புறம் ஒரு பொம்மையின் கை. மூன்றாம் முறை வலையின் நடுவில் ஏதோ துள்ளியது. கண்ணாடிபோல இருந்த சின்ன இறால்கள், நகத்தின் அளவுகூட இல்லை. இன்னாசிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைத் தேடி, "ஏ, இங்க வா, உள்ளதாம்ட்டி," என்றார். அவர் குரலில் இருந்த ஆச்சரியம் ரெபேக்காவுக்குக் கேட்டது. பானுமதிக்கும் கேட்டிருக்க வேண்டும், அவர் தலை நிமிர்ந்தார்.

நண்டைப் பிடித்ததும் இன்னாசிமுத்துதான். சொல்லப்போனால் நண்டுதான் அவரைப் பிடித்தது. சட்டைப் பையிலிருந்து வேர்களுக்கு நடுவில் விழுந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கக் கை விட்டார், கை திரும்பி வரும்போது விரலில் நண்டு இருந்தது. உள்ளங்கை அகலம், சேற்றுப் பச்சை நிறம். இனாயத்துல்லா சுத்தியலோடு வந்தார். வேண்டாம் என்று இன்னாசிமுத்து கத்தினார். நண்டைச் சொன்னாரா விரலைச் சொன்னாரா என்று தெரியவில்லை. வாளித் தண்ணீரில் கையை விட்டதும் அது தானாகவே பிடியை விட்டது.

இவ்வளவு நேரமும் ஏஞ்சலம்மாள் கரையில் ஒரு உடைந்த சிமென்ட் குழாய்மேல் உட்கார்ந்திருந்தாள். பானுமதி பூட்ஸில் ஏறிய சேற்றை வழிக்க அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா," என்றாள் ஏஞ்சலம்மாள், "இது எதுக்குத்தான் நல்லது?"

பானுமதி சந்தோஷப்பட்டார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் நேராகக் கேட்பதில்லை. மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வரும்போது இந்தச் சேறும் மரங்களும் தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும், ஊருக்குள் வெள்ளம் மட்டுப்படும் என்றும், இங்குள்ள சேவைகளிலேயே அதுதான் பெரியது என்றும் சொன்னார்.

"ரெண்டாயிரத்தி அஞ்சுல எங்க வீட்டுப் பரண் வரைக்கும் தண்ணி வந்துச்சு. அன்னைக்கு இது எங்க போச்சு?"

"இது இல்லேன்னா கூரை வரைக்கும் வந்திருக்கும்."

"எங்க வீட்டுல பரணும் கூரையும் ஒண்ணுதான்."

பானுமதி சேற்றை வழிப்பதை நிறுத்தினார். "அப்போ இன்னும் கொஞ்சம் பெரிசா இருந்திருக்கணும் இது," என்றார். "முன்னாடி இருந்தது. மூடிட்டா."

தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஆழம் இல்லாத இடத்தில் கொக்குகள் வந்து நின்றன. ஏஞ்சலம்மாள் முக்காட்டை எடுத்துவிட்டு முகத்தைக் காற்றுக்குக் காட்டினாள். எல்லோரும் கிளம்பியபோது அவளை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

நண்டு வாளியில் தாராவிக்கு வந்தது. அதைச் சமைக்க இன்னாசிமுத்துவுக்கு ஆசை. இந்தத் தண்ணீரில் பட்டறைக் கழிவெல்லாம் கலந்திருக்கிறது, ஈயம், பாதரசம் எல்லாம் நண்டின் உடம்பில் ஏறியிருக்கும், சாப்பிடாதீர்கள் என்று பானுமதி கிளம்புவதற்கு முன்னால் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஏஞ்சலம்மாள் அடுப்பில் ஏற்ற மாட்டேன் என்றாள். சந்து மொத்தமும் வந்து நண்டைப் பார்த்துவிட்டுப் போனது. காடியில் பிடித்தது, மீன்பிடி ஆட்களாகிய தாங்கள் பிடித்தது என்று இன்னாசிமுத்து சொன்னார். அதில் இப்போது பொய் இல்லை என்பதால் அதிக நேரம் சொன்னார்.

வாளியில் நண்டு மூன்றாம் நாளே மந்தமாகிவிட்டது. ஏஞ்சலம்மாளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"எடுத்த எடத்துலயே விட்டுருவோம்," என்றாள்.

"இதுக்குன்னு அங்க போவவா?"

"ஆமா, இதுக்குன்னுதான்."

அப்படித்தான் இரண்டாவது தடவை போனார்கள். நண்டை விட்டார்கள். அது சேற்றில் இறங்கிப் பக்கவாட்டில் நகர்ந்து ஒரு வளைக்குள் போனது. அதன் வளைதானா என்று தெரியாது. விட்டுவிட்டு உடனே திரும்பாமல் சிமென்ட் குழாய்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் கிடையாது. ஒருவர் பரணிலும் ஒருவர் கீழேயும்தான் பேசிக்கொள்வார்கள்.

மூன்றாவது தடவைக்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. இன்னாசிமுத்துவுக்கு நண்டு வளைகளில் ஆர்வம் வந்துவிட்டது. குச்சியை விட்டுப் பார்ப்பார், பிடிப்பார், ஏஞ்சலம்மாள் முறைத்தால் விட்டுவிடுவார். இனாயத்துல்லா மனைவி ராபியாவையும் கூட்டிக்கொண்டு டீ பிளாஸ்க்கோடு வரத் தொடங்கினார். பட்டறையில் தோல் நெடியிலேயே இருந்து தலை கனக்கிறது, இங்கே வந்தால் கொஞ்சம் விடுகிறது என்றார். காடியின் வாடை பற்றி அவருக்குப் புகார் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்க் ரோட்டைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டமாகிவிட்டார்கள்.

ரெபேக்கா சில ஞாயிறுகளில் போவாள். கம்பெனி வேலையாக இல்லை. தொண்ணூற்று நாலில் தொடங்கியதாக அவள் டேப்பில் இருந்த பழக்கம் இப்போது நிஜமாகவே தொடங்கியிருப்பதைப் பார்த்து அவளுக்கு நிம்மதி. பொய்யான விவரத்தைக் கொடுத்துவிட்டோம் என்ற உறுத்தல் குறைந்தது. பானுமதியிடமும் சொன்னாள்.

"இப்ப நிஜமாவே போறாங்க மேடம். மீனுக்கு இல்ல. சும்மா போறாங்க."

"சும்மாவா?" பானுமதி நாற்காலியைத் திருப்பினார். "பொழுதுபோக்குச் சேவைன்னு ஒரு அத்தியாயம் இருக்கு. அதுல நம்மகிட்ட ஒண்ணுமே இல்லாம இருந்தது. எழுதிண்டு வா."

அறிக்கை நன்றாக வந்தது. மீன் கணக்கைப் பானுமதி வெட்டித் தள்ளினார். வெள்ளக் கணக்கைக் கூட்டினார், அதற்கு அவரிடம் வலுவான ஆதாரம் இருந்தது. பொழுதுபோக்கு அத்தியாயத்தில், நெருக்கடியான குடியிருப்புகளில் வாழும் மக்கள் காற்றுக்காகவும் அமைதிக்காகவும் அங்கே வருகிறார்கள் என்று ரெபேக்கா எழுதிய பத்தி அப்படியே இடம்பெற்றது. இதெல்லாம் பானுமதி பொறுப்பில் இருந்த பகுதி. தாவரங்களையும் பறவைகளையும் பார்க்கும் பகுதியை வேறொரு குழு எழுதியது. அந்தக் குழுவும் வேலையில் அக்கறை உள்ளதுதான். அவர்கள் தங்கள் பகுதியின் கடைசியில், சமீப மாதங்களில் அங்கே மனித நடமாட்டம் கூடிவருகிறது, நண்டு வளைகள் கிளறப்படுகின்றன, இதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பகுதிகளும் ஒரே அட்டைக்குள் அச்சாகி வந்தன.

மதிப்பு பெரிதாக இருந்தது. மதிப்புள்ள ஒன்றைப் பாதுகாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பணம் வந்தது. கோடை தொடங்குவதற்குள் லிங்க் ரோட்டுப் பக்கம் முழுக்க உயரமான கம்பி வேலி போட்டு, ஒரு கேட் வைத்து, கேட்டுக்கு ஒரு காவலரையும் போட்டார்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது என்று மராத்தியிலும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகை நின்றது. அலையாத்தியின் படமும் அதில் அழகாக இருந்தது.

ரெபேக்கா இதைத் தொலைபேசியில்தான் தெரிந்துகொண்டாள். இனாயத்துல்லா கூப்பிட்டிருந்தார்.

"உங்க ஆளுங்க வேலி போட்டுட்டாங்கம்மா."

"எங்க ஆளுங்க இல்ல பாய்."

"டேப்ல எழுதிட்டுப் போனது நீதானே?"

மறுநாள் வாஷியில் பானுமதி முன்னால் போய் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவங்க அங்க வர்றது நல்லதுன்னு நாமதான மேடம் எழுதினோம்."

"எழுதினோம்."

"அப்ப ஏன் அவங்கள வெளிய நிறுத்துறாங்க?"

பானுமதி அறிக்கையை எடுத்தார். மற்ற குழுவின் பகுதியை அவர் இதற்கு முன் முழுதாக வாசித்ததில்லை என்பது அவர் பக்கங்களைப் புரட்டிய விதத்திலேயே தெரிந்தது. வாசித்து முடித்து அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அவா சொல்றதும் தப்பில்லை," என்றார், மிகவும் குறைந்த குரலில். "இதை நான் முன்னாடியே பார்த்திருக்கணும். வாரத்துல ஒரு நாளாவது திறந்து விடுங்கோன்னு எழுதறேன். இன்னிக்கே எழுதறேன். ஆனா எப்போ பதில் வரும்னு என்கிட்ட கேக்காதே."

அன்றே எழுதினார். பிறகு இரண்டு தடவை நினைவுபடுத்தியும் எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு பதில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெபேக்கா தாராவிக்குப் போனாள். தான் செய்த வேலையால் அவர்களுக்கு ஒரு இடம் போய்விட்டது என்பதை நேரில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இன்னாசிமுத்து பரணில் தைத்துக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை, தலையை மட்டும் நீட்டினார். அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய வேலி போட்டிருக்கிறார்கள் என்றால் இடத்துக்கு அவ்வளவு மதிப்பு, நாமும் அதில் கொஞ்ச நாள் இருந்தோம் என்ற மாதிரிதான் பேசினார்.

"பெரியம்மா எங்க?"

"காடிக்குப் போயிருக்கா."

"வேலி போட்டாச்சுல்லா?"

"போட்டாச்சு. போயிருக்கா."

ரெபேக்கா லிங்க் ரோட்டுக்கு ஓடினாள். கேட் பூட்டியிருந்தது. காவலர் நிழலில் நாற்காலி போட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேலி ஓரமாகவே நடந்து போனாள். வேலி தரைப்பக்கம் மட்டும்தான் இருந்தது. தண்ணீருக்குள் தூண் நடுவதற்கு யாரும் பணம் ஒதுக்கியிருக்கவில்லை. வேலி முடிகிற இடத்தில், தண்ணீர் வற்றிய சேற்றில், கடைசித் தூணைச் சுற்றி உள்பக்கம் திரும்பும் காலடித் தடங்கள் தெரிந்தன. பெண் காலடிகள்.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். சேறு முழங்காலுக்கு வந்தது. ஏஞ்சலம்மாள் உள்ளே சிமென்ட் குழாய்மேல் உட்கார்ந்திருந்தாள். ரெபேக்காவைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"பெரியப்பா வரலையா பெரியம்மா?"

"அவியளுக்கு முட்டி வலி. சேத்துல சுத்தி வர முடியாது. கேட்டுல போய் நின்னு கேப்போம்னாவ. கேட்டா இல்லம்பான், பொறவு வரவே முடியாது. அதான் கேக்கல."

"எல்லாம் எங்களாலதான். மன்னிச்சிருங்க."

"எதுக்கு?" ஏஞ்சலம்மாளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நீ டேப்ப எடுத்துட்டு வரலைன்னா இந்த எடத்த நான் பாத்தே இருக்க மாட்டேன். இப்ப வேற யாரும் வாரதும் இல்ல. நல்லா இருக்கு. உங்க பெரியப்பாதான் இல்ல."

அதைச் சொன்னபோது அவள் தன் மறுபக்கம் காலியாக இருந்த குழாயைத் தடவினாள். தூரத்தில் மெட்ரோ வேலை நடக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓரத்தில் கொக்குகள் ஒவ்வொன்றாக இடம் மாறின.

கொஞ்ச நேரத்தில் பின்னால் விசில் சத்தம் வந்தது. காவலர் புதர்களை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். மராத்திக்காரர், சாத்தாராப் பக்கத்து ஆள், நடுத்தர வயது. எப்படி உள்ளே வந்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். ரெபேக்கா எழுந்து, கம்பெனி அடையாள அட்டையைத் தேடினாள். ஏஞ்சலம்மாள் எழவில்லை.

"நடந்து வந்தோம்," என்று ஹிந்தியில் சொன்னாள்.

உள்ளே வர அனுமதி வேண்டும் என்றார் அவர்.

"சரி," என்றாள் ஏஞ்சலம்மாள். "வெளிய போவதுக்கு?"

காவலர் யோசிப்பதுபோல நின்றார். அவருக்குக் கொடுத்திருந்த உத்தரவில் அதைப் பற்றி எதுவும் இல்லை. வெளியே போக அனுமதி தேவையில்லை, உடனே போக வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"தண்ணி ஏறிட்டுது. வந்த வழில இனி போவ முடியாது. கேட்டத் தெறந்து விடுங்க."

அவர் முன்னால் நடந்தார். கேட்டைத் திறந்து, அவர்கள் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஏஞ்சலம்மாள் முழங்கால்வரை சேற்றோடு, அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தாள். இது முதல் தடவை இல்லை என்பது காவலர் சாவியை ஏற்கெனவே கையில் வைத்திருந்ததிலிருந்து ரெபேக்காவுக்குத் தெரிந்தது.

ரோட்டோரக் குழாயில் இருவரும் கால் கழுவினார்கள். அடுத்த ஞாயிறு தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று போனில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று ஏஞ்சலம்மாள் கேட்டாள். ரெபேக்கா பார்த்துச் சொன்னாள்.